ஏழு பேருக்கு எத்தனை அறை?

டெங்கிலிலிருந்து தாத்தா, பாட்டி, பெற்றோர், மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் பள்ளி விடுமுறைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

2013இல் திறந்த ஜொகூர் லெகோலேண்ட் விடுதியில், அறைக்குள்ளேயே பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியும் அடுக்குக் கட்டிலும் உண்டு. ஆனாலும் மூத்தவர்களுக்கு இரண்டாவது அறை வேண்டும். 2015இல் கின்னஸ் சாதனை பெற்ற கெந்திங் மலை ஃபர்ஸ்ட் வோர்ல்ட் விடுதியிலோ 7,351 அறைகள். தனித்தனியாகப் பதிந்தால் பாட்டி வேறு மாடிக்குப் போய்விடலாம். நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறினால் யார் பார்ப்பது?

ஆகவே, இணைப்புக் கதவுள்ள அறைகளை முன்பதிவின்போதே கேளுங்கள். வெறும் 'பக்கத்து அறை' என்றால் நடுவில் கதவு இருக்காது. உறுதியை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் கட்டில், காலை உணவு எல்லாம் சேர்த்து எத்தனை வெள்ளி என்று ஒப்பிடுங்கள். மூத்தோரும் நிம்மதியாகத் தூங்கினால்தான் அது குடும்பச் சுற்றுலா, அன்பர்களே!