பிரமிடுக்குள் ஒரு பொறி

மைன்கிராஃப்ட் விளையாட்டில் பாலைவனத்துக்குப் போயிருக்கீங்களா? அங்கே சில இடங்களில் மணற்கல் பிரமிடு இருக்கும். உள்ளே தரையின் நடுவில் ஒரு நீலக் கல். அதன் அடியில் ஆழமான குழி. குழிக்குள் 4 பெட்டிகள். அவற்றில் தங்கம் இருக்கலாம், வைரம்கூட இருக்கலாம்!

உடனே குதிச்சிடாதீங்க! குழியின் நடுவில் ஒரு கல் தட்டு உண்டு. தட்டுக்குக் கீழே 9 டி.என்.டி. வெடிகள் இருக்கின்றன. தட்டை மிதித்தால் எல்லாம் வெடிக்கும். பெட்டிகளும் சிதறிவிடும்.

இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது? விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு விதி எழுதியிருக்கிறார்கள்: "யாராவது தட்டின் மேல் நின்றால், வெடி வெடிக்கும்." நின்றது நீங்களா, ஒரு ஜாம்பியா என்று தட்டு பார்க்காது. ஆனால் ஒரு பொருளைத் தூக்கிப் போட்டால் வெடிக்காது. ஏன்? விதியில் அது இல்லை!

அப்போ என்ன செய்யலாம்? சுவர் ஓரமாகப் படிபோலத் தோண்டி, மெதுவாக இறங்குங்கள். முதலில் தட்டை உடைத்து எடுங்கள். தட்டு போனால் பொறியும் போச்சு. இனிப் பெட்டிகளைத் திறக்கலாம். கீழே தோண்டினால் அந்த 9 வெடிகளும் உங்களுக்கே!

செய்து பாருங்கள்: "மிதித்தால்", "நின்றால்" போன்ற சொற்களைப் பாடத்தில் தேடுங்கள். பிறகு நீங்களே ஒரு பொறிக்கு விதி எழுதுங்கள்.