கண்காணிப்பாளர் இல்லாத தேர்வறை

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அஷேசி பல்கலைக்கழகத்தில் தேர்வு நடக்கும்போது அறையில் கண்காணிப்பாளர் இருப்பதில்லை. காப்பி அடிக்க மாட்டோம், அடிப்பவரைக் கண்டால் மறைக்கவும் மாட்டோம் என்று மாணவர்களே உறுதி கொடுத்திருக்கிறார்கள். 2008-ல் அப்போதைய மாணவர்கள் கூடி விவாதித்து, வாக்களித்து ஏற்றுக்கொண்ட நெறி இது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆண்டு மாணவர்களும் மறுபடி விவாதித்து, தங்களுக்கென்று தனியே வாக்களிக்க வேண்டும். மூத்தவர்கள் ஏற்றார்கள் என்பதற்காக இளையவர்கள் மேல் அது சுமத்தப்படுவதில்லை. பறக்கும் படைக்குப் பழகிய வாசகருக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம். ஆனால் இந்தப் பல்கலைக்கழகம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ, அதன் சாரம் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

தொடங்கியவர் பேட்ரிக் அவுவா. 1965-ல் பிறந்த கானாக்காரர். 1985-ல் முழு உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குப் போனார். பொறியியலும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்க முடிந்த சிறிய கல்லூரி அது. படிப்பு முடிந்ததும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வேலை. கை நிறையச் சம்பளம், அமெரிக்காவில் குடும்பம் என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. பிள்ளை பிறந்தபோதுதான் ஆப்பிரிக்காவைப் பற்றிய நினைப்பு அவரை அழுத்தத் தொடங்கியது. பிறந்த நாட்டுக்குத் தன்னால் என்ன செய்ய முடியும்?

மென்பொருள் நிறுவனம் தொடங்கலாம் என்பதுதான் முதலில் தோன்றிய எண்ணம். ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, அதை நடத்தத் தேவையான ஆட்களை உருவாக்கும் கல்வியே அங்கே பற்றாக்குறையாக இருப்பது தெரிந்தது. கல்லூரி வகுப்புகளில் மனப்பாடமே பிரதானமாக இருந்தது. அவர் வேலையை விட்டார். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்கச் சேர்ந்தார். கானாவில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று தாக்குப்பிடிக்குமா என்ற ஆய்வைச் சக மாணவர்களோடு சேர்ந்து அங்கேயே செய்தார். அந்த வகுப்புத் தோழர்களில் ஒருவரான நீனா மரினி இணை நிறுவனரானார். பாடத்திட்டத்தை வகுக்க ஸ்வார்த்மோர், பெர்க்லி, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கைகொடுத்தார்கள். தொடக்க காலத்தில் நன்கொடை தந்தவர்களில் பலர் அவுவாவின் மைக்ரோசாஃப்ட் நண்பர்கள்.

2002-ல் தலைநகர் அக்ராவின் லபோன் பகுதியில், வாடகைக் கட்டடத்தில், 30 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின.

முப்பதே பேர்! பல்கலைக்கழகம் என்றதும் பெரிய நுழைவாயிலும் நிர்வாகக் கட்டடமும் கண்முன் வருகின்றன. அஷேசியின் வரலாற்றில் சொந்தக் கட்டடம் ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. அக்ராவிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள பெரெகுசோ என்ற மலையூரில் 100 ஏக்கர் நிலம் வாங்கி, 2011-ல் அங்கே குடிபெயர்ந்தார்கள். நடுவே முற்றம் வைத்துக் கட்டும் உள்ளூர் மரபு அந்த வளாகத்திலும் தொடர்கிறது. குடிபெயர்வதற்குள் பல ஆண்டு மாணவர்கள் வாடகைக் கட்டடத்திலேயே படித்துப் பட்டம் பெற்றுவிட்டார்கள். கல்வி நிறுவனம் தொடங்க நினைக்கும் எவரும் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பாடத்திட்டம், பிறகு மாணவர், பிறகு நெறி, அதன் பிறகே வளாகம்.

பாடத்திட்டமும் சாதாரணமானதல்ல. முதலில் இருந்தவை வணிக நிர்வாகம், கணினி அறிவியல் ஆகியவையே; 2015-ல் பொறியியலும் சேர்ந்தது. ஆனால் கணினி படிக்க வந்தவரும் எழுத்து, பேச்சு, தத்துவம், ஆப்பிரிக்க வரலாறு, சமூகம் என்று பலவற்றைத் தொட்டாக வேண்டும். தலைமைப் பண்பு பற்றிய கருத்தரங்கு வகுப்புகள் நான்கு ஆண்டுகளிலும் தொடர்கின்றன. சமூகப் பணியும் படிப்பின் பகுதி. வேலைக்கு உதவாத பாடங்களுக்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று எந்த ஊர்ப் பெற்றோரும் கேட்கக்கூடியதுதான். நாட்டை நடத்தப்போகிறவர்கள் சரி எது, தவறு எது என்று வாதாடிப் பழகியிருக்க வேண்டும் என்பதே அவுவா இதற்குச் சொல்லிவரும் பதில். கானாவில் பட்டப்படிப்பை எட்டுபவர்கள் சிறுபான்மையினரே என்பதால், பட்டம் பெறும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கண்காணிப்பாளர் இல்லாத தேர்வறையை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், அதுவும் ஒரு பாடம் என்பது புரியும்.

பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு கதை. கானாவில் புதிய தனியார் கல்லூரி, ஏற்கெனவே நிலைபெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் வழிகாட்டுதலில் இயங்க வேண்டும். நம் ஊர் இணைப்புக் கல்லூரிகளைப் போன்ற ஏற்பாடு. அஷேசிக்கு வழிகாட்டியாக இருந்தது கேப் கோஸ்ட் பல்கலைக்கழகம். 2018-ல்தான் குடியரசுத் தலைவரின் சாசனம் கிடைத்து, அஷேசி முழுத் தன்னாட்சி பெற்றது. தொடங்கி 16 ஆண்டுகளுக்குப் பிறகு!

பணம்? அஷேசி லாப நோக்கற்ற நிறுவனம். உபரி வந்தால் யாரும் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது. நிதி திரட்டுவதற்கென்றே அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. கட்டணம் கானாவின் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்தான். அதனால் வசதியுள்ளவர்கள் முழுக் கட்டணம் கட்ட, மாணவர்களில் பெரும்பகுதியினர் உதவித்தொகையில் படிக்கிறார்கள். 2012 முதல் மாஸ்டர்கார்டு அறக்கட்டளையும் ஏழை மாணவர்களை இங்கே படிக்க வைக்கிறது. இந்த ஏற்பாடு நன்கொடையாளர்களை நம்பியே நிற்கிறது. அவர்கள் மனம் மாறினால் முதலில் அடிபடுவது ஏழை மாணவர்தான். அந்தக் கவலையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய பிறகும் அஷேசி சிறிய பல்கலைக்கழகம்தான். கண்டம் முழுவதும் கிளை திறக்கவோ, பல்லாயிரம் பேரைச் சேர்க்கவோ அது முனையவில்லை. மாறாக, ஆப்பிரிக்காவின் மற்ற பல்கலைக்கழகங்களை ஒன்றுகூட்டிப் பாடத்திட்டம், நெறிமுறை, வேலைவாய்ப்பு பற்றிய அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு ஒன்றை 2017-ல் தொடங்கியது. அதே ஆண்டு அவுவாவுக்குக் கத்தார் நாட்டின் வைஸ் கல்விப் பரிசு கிடைத்தது. தொடக்கத்தில் முப்பது பேரிடம் செய்து பார்த்த முறைகளைத் தங்கள் வகுப்புகளில் பொருத்திப் பார்க்கும் ஆசிரியர்கள் இன்று பல நாடுகளிலிருந்து அந்தக் கூட்டங்களுக்கு வருகிறார்கள்.