அவனுக்குப் பேர் இருக்குடா!

தாம்பரம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்காக நிக்கிறீங்க. பக்கத்தில் மணிப்பூரோ நாகாலாந்தோ, உங்க வயசு ஸ்டூடன்ட் ஒருத்தர். உங்க கேங்கில் ஒருத்தன் 'டேய் சைனா!'ன்னு குரல் விடுறான். எல்லோரும் சிரிக்கிறாங்க. நீங்களும்தானே?

'சும்மா கலாய்ச்சோம் பாஸ்' என்கிறீர்களா? 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் ஹேர்ஸ்டைலையும் சிலர் கலாய்க்கத்தான் செய்தார்கள். அது அடிதடியானது. மறுநாள் நிடோ உயிரோடு இல்லை. பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா கமிட்டி, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவே கேட்டது.

'அது டெல்லி, நம்ம ஊர் வேற'ன்னு காலரைத் தூக்காதீங்க. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மக்களைத் தாக்கப் போவதாக எஸ்.எம்.எஸ். வதந்தி கிளம்பியது. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். சென்னையிலிருந்தும் பலர் ரயில் ஏறினார்கள். 'நாங்க இருக்கோம், போகாதே'ன்னு சொல்ல அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு உள்ளூர் ஃப்ரெண்ட் இருந்திருப்பான்?

2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கமெல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது. மொத்தம் 70 வார்டுகள். ரோடு, குப்பை, குடிநீரோடு, 'முகத்தைப் பார்த்து வாடகை வீடு மறுக்கக் கூடாது' என்றும் ஒரு தீர்மானம் போடச் சொல்லி, காலேஜ் என்.எஸ்.எஸ். டீமோடு போய் கவுன்சிலரிடம் மனு கொடுங்களேன்!

அதற்கு முன்னால் ஒரு சின்ன ஹோம்வொர்க். நாளைக்கு அந்த ஸ்டூடன்ட்கிட்ட பேரைக் கேளுங்க. சரியா உச்சரிக்கக் கத்துக்கோங்க. அடுத்த தடவை கேங்கில் எவனாவது 'சைனா'ன்னா, சிரிக்காம சொல்லுங்க: 'அவனுக்குப் பேர் இருக்குடா!'