தங்கினால்தான் வியாபாரம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் 12 கொண்ட அப்பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நமக்குப் பெருமை. வியாபாரம்?

காலையில் ராஜகிரி ஏறி, களஞ்சியமும் கல்யாண மகாலும் பார்த்து, மாலையில் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடும் குடும்பம் நம்மிடம் வாங்குவது தண்ணீர் பாட்டில் மட்டுமே. அதே குடும்பம் இரண்டு நாள் தங்கிச் சமைத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி என்று ஐந்து கடைக்குப் பணம் போகும்.

செட்டிநாட்டில் பழைய வீடுகள் சில இன்று விடுதிகளாக நடக்கின்றன. அவ்வளவு பெரிய வீடு நமக்குத் தேவையில்லை. உரிமையாளர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டில் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விட, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பதிவுத் திட்டம் இருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். பழுது பார்க்கவும் அனுமதி பெற வேண்டும். ஆகவே கோட்டையோரம் நிற்கும் பழைய கல்வீடும் ஓட்டுவீடும் திரும்பக் கிடைக்காத முதல். நல்ல கழிப்பறை, தண்ணீர், சுத்தமான படுக்கை இருந்தால் போதும். அவற்றை இடிக்குமுன் வணிகப் பெருமக்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.