விடியப் போவது உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

தோட்டத்துச் சாளையில் ஓர் இராத்திரி தங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மணி நாலரைதான் ஆகியிருக்கும். கிழக்கே பொட்டு வெளிச்சம்கூட இருக்காது. அதற்குள் சேவல் கூவிவிடும். "கோழி கூப்பிட எந்திரிச்சுப் பால் கறக்கோணும்" என்று அப்பாரும் ஆத்தாவும் சொல்வது அந்த நேரத்தைத்தான். சூரியன் வருவதற்கு முன்பே, விடியப் போகிறது என்று சேவலுக்கு யார் சொன்னது?

ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி மங்கலான வெளிச்சம் இருக்கும் அறையில் சேவல்களை வைத்தார்கள். அந்த அறைக்குள் விடியலே கிடையாது. அப்படியும் அவை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, விடியற்காலைப் பொழுது வரும் கணக்கில் கூவின. நேரத்தைக் கணக்கு வைப்பது சேவலின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்பது அதில் தெளிவானது.

சேவலுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட வளாகத்திலோ சாலையோரத்திலோ தூங்குமூஞ்சி மரம் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் விரிந்து நிழல் கொடுத்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக் கொண்டிருக்கும். புளியமரமும் இப்படித்தான் செய்யும். 1729-இல் பிரான்சில் த மேரான் என்ற வானியலாளர், இலை மடக்கும் ஒரு செடியை வெளிச்சம் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனையே பார்க்காத அந்தச் செடி, பகல் பொழுதில் இலையை விரித்தது. இரவுப் பொழுதில் மூடிக்கொண்டது.

செடி, கோழி, மனிதர் என்று கிட்டத்தட்ட எல்லா உயிர்களுக்குள்ளும் ஓடும் இந்தக் கணக்குக்கு உயிரியல் கடிகாரம் என்று பெயர். அந்தக் கடிகாரத்தோடு ஒத்துப்போனால் தூக்கம் தானாக வரும். காலையில் மனசு தெளிவாக இருக்கும். படித்தது நினைவில் நிற்கும். அப்படி ஒத்துப்போவது எப்படி என்று புரிந்துகொள்ள, முதலில் மதுரைப் பக்கம் ஒரு குகைக்குள் போய் வருவோம்.

குகைக்குள் இருந்த வௌவால்கள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியில் இந்தத் துறையின் முன்னோடியான எர்வின் ப்யூனிங்கிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு நாடு திரும்பியவர். இந்தியாவில் உயிரியல் கடிகார ஆராய்ச்சியை வளர்த்தவர்களில் முக்கியமானவர். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாக வாழும் குகைகள் உண்டு. அவற்றையே அவர் தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்.

குகையின் ஆழத்தில் பகலும் இரவும் ஒன்றுதான்; எப்போதும் கும்மிருட்டு. அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் வௌவால்களுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? சந்திரசேகரனும் அவருடன் வேலை செய்த மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் ஒரு வௌவாலைப் பிடித்துக் கூண்டில் வைத்து, கூட்டம் வாழும் குகைக்குள்ளேயே விட்டார்கள். கூண்டை விட்டு அது வெளியே போக முடியாது. சூரியனையும் பார்க்க முடியாது. ஆனாலும் மற்ற வௌவால்கள் இரை தேடக் கிளம்பும் அதே நேரத்தில் அதுவும் விழித்துச் சிறகடித்தது. பிறகு, வேறு வௌவால்களே இல்லாத குகையில் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். அதன் கடிகாரமும் ஓடியது. ஆனால் வெளியுலக நேரத்தோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிப் போனது. 1981-இல் இந்த முடிவு வெளிவந்தது.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்பது ஒன்று. வெளியிலிருந்து தினமும் ஒரு தகவல் வந்து அதைத் திருத்தாவிட்டால் அது தன் போக்கில் விலகிவிடும் என்பது மற்றொன்று. குகை வௌவாலுக்கு அந்தத் தகவலைத் தன் கூட்டமே கொடுத்தது.

மனிதருக்கும் இது பொருந்துமா? அதே பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. வெளிச்சம் நுழையாது. கடிகாரமும் வானொலியும் கிடையாது. விருப்பப்பட்டு முன்வந்தவர்கள் அதில் பல நாட்கள் தங்கி, தூக்கம் வரும்போது தூங்கி, பசிக்கும்போது சாப்பிட்டார்கள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதைப் போன்ற சோதனைகள் நடந்திருக்கின்றன. 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் மலைக்குள் பனிக்கட்டி உறைந்த குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். அவர் வெளியே வந்தது செப்டம்பர் 14. அவர் கணக்கிலோ அன்று ஆகஸ்ட் 20! மூன்று வாரத்துக்கும் மேல் அவர் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது.

மனிதக் கடிகாரத்தின் ஒரு நாள் சராசரியாக 24 மணி நேரமும் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் என்று பின்னால் துல்லியமாக அளந்தார்கள். தினமும் பத்து நிமிடம் மெதுவாகப் போகும் கைக்கடிகாரத்தை என்ன செய்வோம்? தினமும் சரியான நேரம் பார்த்துத் திருப்பி வைப்போம். நம் உடம்புக் கடிகாரத்தைத் தினமும் திருப்பி வைப்பது காலை வெளிச்சம்.

மூளைக்குள் எங்கே இருக்கிறது?

இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடிப்பக்கம் ஒன்றையொன்று கடக்கின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். கண்ணின் விழித்திரையில் சில செல்கள் உருவங்களைப் பார்ப்பதைவிட, வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதையே முக்கிய வேலையாகச் செய்கின்றன. நீல நிற வெளிச்சம் பட்டால் அவை மிக நன்றாகத் தூண்டப்படும். பகலா இரவா என்று தலைமைக் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புவது அவைதான்.

இருட்டானதும் பீனியல் என்ற சிறு சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "இரவு வந்துவிட்டது" என்று உடம்பு முழுவதற்கும் அது அறிவிக்கும். உடம்பின் வெப்பமும் மெல்ல இறங்கத் தொடங்கி, விடிவதற்குச் சற்று முன்பு மிகக் குறைவாக இருக்கும். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தூங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் நிறையச் சுரக்கிறது. நீங்கள் உயரமாவதற்கு அது வேண்டும். பகலில் கற்றவற்றை மூளை தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்துப் பத்திரப்படுத்துகிறது. பின்னிரவில் கண்மணிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் அதிகமாக வரும். தூக்கத்தைப் பாதியில் வெட்டினால் இந்த வேலைகளும் பாதியில் நின்றுவிடும். பரீட்சைக்கு முதல் நாள் நடுராத்திரி வரை படிப்பதால் லாபத்தைவிட நட்டமே அதிகம்.

கோவைக்கு மின்சாரம் வந்தது

தூக்கத்தை வெட்டுவது பரீட்சை மட்டும் அல்ல, இரவு வெளிச்சமும்தான். அது நம் ஊருக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். கோயம்புத்தூரின் முதல் பெரிய நூற்பு மில் 1888-இல் தொடங்கியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது, ஊரைச் சுற்றி மில்கள் மளமளவென்று பெருகின. மில் சங்கு ஊதும் சத்தத்தை வைத்தே அடுப்புப் பற்ற வைத்த வீடுகள் ஏராளம். மின்விளக்கு வெளிச்சத்தில் நூற்புக் கதிர்கள் இரவிலும் சுழன்றன. நைட் ஷிப்ட் என்பது கோவையிலும் திருப்பூரிலும் பல குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையானது. நம் ஊர் வளர்ந்ததற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம்.

அதே வெளிச்சம் இன்று கைக்குள் வந்துவிட்டது. படுக்கையில் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தால், "இன்னும் பொழுது சாயவில்லை" என்று கண்ணின் செல்கள் தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்லிவிடும். மெலட்டோனின் சுரப்பது தள்ளிப் போகும். தூக்கமும் தள்ளிப் போகும். ஆனால் பள்ளி வேன் தள்ளி வராதே! மறுநாள் காலையில் "எந்திரி கண்ணு, மணி ஆறரையாச்சு" என்று அம்மா எழுப்பும்போது உங்கள் உடம்பின் கணக்கில் அது நடுச்சாமம். எழுந்திருக்க முடியாததற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் அல்ல. கடிகாரம் பிந்தி ஓடுகிறது, அவ்வளவுதான். அதைச் சரி செய்யலாம்.

கடிகாரத்தைச் சரி செய்யும் வழிகள்

கணக்குப் போடுங்கள். 6 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. காலை 6 மணிக்கு எழ வேண்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரவு 9 மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும்.

காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். டியூப் லைட் எரியும் அறையில் 100 முதல் 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வெளியே மரநிழலில்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். எழுந்ததும் வாசல் தெளிக்கவோ, செடிக்குத் தண்ணீர் விடவோ, பால் வாங்கவோ வெளியே போங்கள். கால் மணி, அரை மணி நேரம் போதும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். சனி, ஞாயிறு ஒன்பது மணி வரை தூங்கினால் கடிகாரம் பிந்திவிடும், திங்கட்கிழமை திண்டாட்டம்தான். மாரியம்மன் நோம்பி, கல்யாணம் என்றால் கண் விழிக்கத்தான் செய்வோம். மறுநாள் வழக்கத்தைவிட மிகவும் பிந்தாமல் எழுந்து, மதியம் சிறிது நேரம் தூங்கி, இரவு சீக்கிரம் படுத்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

சாயங்காலம் காபி, டீ வேண்டாம். தூக்கம் வரச் செய்யும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்யவிடாமல் அவற்றில் உள்ள காஃபீன் தடுக்கும். உள்ளே போன காஃபீனில் பாதி கரையவே பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டீ, பதினொரு மணிக்கும் பாதி பாக்கி இருக்கும்.

படுக்கும் முன் ஒரு மணி நேரம் திரை வேண்டாம். செல்போனைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிடுங்கள். வீட்டு விளக்குகளைக் குறையுங்கள். புத்தகம் படிக்கலாம், அம்மிச்சியிடம் கதை கேட்கலாம்.

செய்து பாருங்கள்

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். பெரியவர்களின் உதவியோடு, காலையில் எழுந்து தண்ணீர் குடிப்பதற்கு முன்பும், மாலை ஐந்து மணிக்கும் உடம்பின் வெப்பத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். விளையாடி முடித்த கையோடு பார்க்கக் கூடாது. மாலை அளவு பெரும்பாலும் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். உங்கள் உள் கடிகாரம் ஓடுவதை நீங்களே அளந்துவிட்டீர்கள்! படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் தூக்கக் கலக்கம் இருந்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த நாளில் பாடம் நன்றாக ஏறியது என்று அந்தத் தாளே சொல்லும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அப்பாவோ அம்மாவோ நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புபவராக இருக்கலாம். எல்லோருடைய கடிகாரமும் "விழித்திரு" என்று சொல்லும் நேரத்தில், அவர் தம் கடிகாரத்தை எதிர்த்துத் தூங்க வேண்டியிருக்கிறது. அது மிகவும் கடினமான வேலை. ஜன்னலுக்குக் கெட்டியான திரை போட்டு அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். தேடி வருபவர்களிடம், "அப்பா தூங்கறாருங்க, சாயங்காலம் வாங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் தூக்கத்தை மற்றவர்கள் காக்க வேண்டும். தூக்கத்தின் அறிவியலைத் தெரிந்துகொண்ட நீங்கள்தான் அதற்குப் பொறுப்பாளர்கள்.