லென்ஸின் நடுவை மறைத்தாலும் நிலவு முழுதாகத் தெரிவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய கேமராக் கடையில் 500 மிமீ மிரர் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. முன்கண்ணாடியின் நட்டநடுவில் கறுப்பு வட்டம் ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதை வைத்து நிலவைப் படமெடுத்தால் நடுவில் ஓட்டை விழாதா?”

விழாது. வட்டத்தை இன்னும் பெரிதாக்கினாலும் விழாது. “அது ஃபோகஸில் இல்லை, அதனால் தெரியாது” என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் சுவையான விஷயத்தை அந்தப் பதில் தொடாமலேயே போய்விடுகிறது.

முதலில் லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்போம். முன்கண்ணாடி வழியாக நுழையும் நிலவொளி நேராகக் குழலின் அடிவரை செல்கிறது. அங்கே நடுவில் துளையிட்ட ஒரு குழியாடி. அது ஒளியைக் குவித்து முன்னோக்கித் திருப்பி அனுப்ப, முன்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும் சிறு குவியாடி அதை மறித்து மறுபடியும் பின்னோக்கி அனுப்புகிறது. துளை வழியே ஒளி கேமராவுக்குள் போகிறது. வாசகர் பார்த்த கறுப்பு வட்டம் அந்தச் சிறு ஆடியின் முதுகு. ஒளி மூன்று முறை குழலைக் கடப்பதால் நீளம் மிச்சமாகிறது. அத்துடன், குவிந்துவரும் ஒளியைக் குவியாடி சற்று விரித்துவிடுவதால், பதினைந்து சென்டிமீட்டரில் குவிய வேண்டியது ஐம்பது சென்டிமீட்டரில் குவிவது போல ஆகிறது. 500 மிமீ லென்ஸ் ஒரு சாண் குழலுக்குள், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் அடங்கிவிடுவது இப்படித்தான்.

இதன் வரலாறு ஒரு பத்திக்கு மேல் தேவையில்லை. இரட்டை ஆடி அமைப்பு 1672-இல் பிரான்சில் காசெக்ரெயின் பெயரில் வெளிவந்தது. 1930-இல் ஹாம்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட், ஆடியின் பிழையைத் திருத்த முன்னால் ஒரு கண்ணாடித் தகடு வைத்தார். 1941-இல் சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுத்தோவும், ஏறக்குறைய அதே சமயத்தில் நெதர்லாந்தின் ஆல்பர்ட் பௌவர்ஸும், தடித்த வளைகண்ணாடியே அந்த வேலைக்குப் போதும் என்று கண்டார்கள். எம்டிஓ என்ற பெயரில் வந்த ரஷ்ய லென்ஸ்கள் மக்சுத்தோவ் வழியில் வந்தவை. இன்றும் பழைய சந்தைகளில் கைமாறுகின்றன.

இனி ஓட்டை விஷயம். கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் பரிமாறுகிறார்கள். ஆளுக்கு நாலு இலை என்று அவர்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் எல்லா இலைக்கும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றுகிறார்கள். ஆக ஒவ்வோர் இலையிலும் நாற்பது கரண்டி. இப்போது நடுவில் நிற்கும் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டால் எந்த இலை காலியாக இருக்கும்? எதுவும் இல்லை. எல்லா இலையிலும் முப்பது கரண்டி இருக்கும், அவ்வளவுதான். லென்ஸின் முகப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு பரிமாறுபவர். நிலவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முகப்பு முழுவதிலும் விழுகிறது. முகப்பின் எந்தத் துண்டை எடுத்துக்கொண்டாலும் அது முழு நிலவையும் வரையும். நடுவை மறைத்தால் படம் மங்கும், பகுதி காணாமல் போகாது. விட்டத்தில் பாதியை மறைத்தால் பரப்பில் கால்வாசிதான் போகும் என்பதால் எஃப்/8 என்று பொறித்த லென்ஸ் வெளிச்சக் கணக்கில் எஃப்/9 அளவுக்கு இறங்கும்.

பந்தியை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பரிமாறுபவர்கள் வட்டமாக நின்று ஒரே இலையைக் குறிவைத்து ஊற்றும்போது, அந்த இலையை யாரோ ஓரடி கீழே இறக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது தாரைகளும் வரவேண்டிய இடத்தில் சேர்ந்து, அதைத் தாண்டி மறுபடி விரிந்து, இலையில் வட்டமாக விழும். ஆட்கள் நின்ற அமைப்பே சாம்பாரில் அச்சாகும். நடுவில் பத்துப் பேர் இல்லையென்றால் நடுவில் சாம்பாரும் இல்லை. அதாவது வளையம். மிரர் லென்ஸ் படங்களில் பின்னணி விளக்குகள் மெதுவடை வடிவத்தில் தெரிவதற்குக் காரணம் இதுவே. ஓட்டை எங்கும் போய்விடவில்லை, ஃபோகஸ் தப்பிய இடத்தில்தான் முகம் காட்டும். நிலவு முழுவதும் ஒரே தொலைவில் இருப்பதால், ஃபோகஸ் சரியாக இருக்கும்வரை அதில் வளையத்துக்கு இடமில்லை. நிலவுக்கு அருகே ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தால் ஃபோகஸைச் சரிபார்க்க அது உதவும். வளையம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும் இடமே சரியான இடம்.

இலை சரியான இடத்தில் இருந்தாலும் சாம்பார் முழுவதும் சோற்றின்மேல் விழுவதில்லை. கொஞ்சம் ஓரத்துக்குத் தெறிக்கும். ஒளியும் தெறிக்கிறது. ஒளி அலை என்பதால், எவ்வளவு நல்ல லென்ஸிலும் ஒரு புள்ளி புள்ளியாக விழாமல், ஒரு சிறு வட்டாகவும் அதைச் சுற்றி மங்கலான வளையங்களாகவும் விழுகிறது. மறைப்பே இல்லாத லென்ஸில் 84 சதவீத ஒளி நடுவட்டில் சேரும். விட்டத்தில் பாதியை மறைத்தால் நடுவட்டில் சேர்வது பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதி வளையங்களுக்குப் போய்விடுகிறது. இங்கே பந்திக் கணக்கு கைகொடுக்காது. நடுவிலிருப்பவர்கள் எழுந்துபோனால் மற்றவர்கள் ஏன் அதிகம் சிந்த வேண்டும் என்பதற்குச் சமையல்காரரிடம் பதில் இல்லை, அலைகளிடம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்து வருவது: அதே மறைப்பினால் நடுவட்டு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாகிறது! நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் குறையவில்லை, மிகச் சிறிய அளவில் கூடுகிறது. கெட்டுப்போவது கான்ட்ராஸ்ட் மட்டும். நிலவில் இது எப்படித் தெரியும்? ஒளியும் இருளும் மோதும் பள்ளங்கள் கூர்மையாகவே வரும். நிலவுக் ‘கடல்’களுக்குள் இருக்கும் மெல்லிய சாம்பல் நிற வேறுபாடுகள்தான் வெளிறிப்போகும். மிரர் லென்ஸ் படம் பஞ்சுபோல இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் பார்ப்பது இதைத்தான். அந்தக் கான்ட்ராஸ்ட்டை வீட்டில் கணினியில் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பதிலுக்குக் கிடைப்பது நிறத் தூய்மை. கண்ணாடிக்குள் புகுந்து வளையும் ஒளி நிறத்துக்கு நிறம் வேறு கோணத்தில் வளையும். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு எல்லா நிறமும் ஒரே கோணம்தான். கரிய வானத்தில் பளீரென்று முடியும் நிலவின் விளிம்பு எந்த லென்ஸுக்கும் கடினமான சோதனை. மலிவான டெலிபோட்டோக்கள் அங்கே ஊதாக் கோடு போடுகின்றன. மிரர் லென்ஸில் அது வராது.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் விட்டம் கிடைக்கும். 500 மிமீக்கு நாலரை மிமீ. “2எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் 1000 மிமீ” என்று விற்கிறார்கள். நிலவு ஒன்பது மிமீ ஆகும் என்பது உண்மை. நுணுக்கம் இரட்டிப்பாகாது. அதைத் தீர்மானிப்பது முகப்பின் விட்டம். எஃப்/8 லென்ஸில் அது 62.5 மிமீ, அதற்குப் பிரிந்து தெரியக்கூடிய மிகச் சிறிய பள்ளம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். கன்வெர்ட்டர் அந்த எல்லையைத் தாண்டாது. ‘சூப்பர் மூன்’ செய்திகளும் இதே ரகம். மிகச் சிறிய முழுநிலவோடு ஒப்பிட்டால் 14 சதவீதம் பெரியது. வழக்கமான நிலவோடு ஒப்பிட்டால் அதில் பாதிதான். சென்சாரில் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர்.

கைபேசியின் 100 மடங்கு ஜூம் இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை 170 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வேண்டுமென்றே கலங்கலாக்கி, இருட்டறையில் கணினித் திரையில் காட்டி, சாம்சங் கைபேசியில் படமெடுத்தார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் படத்தில் வந்தன. கைபேசி நிலவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் நுணுக்கங்களை மேம்படுத்துகிறது என்று அந்த நிறுவனமே விளக்கியது. அழகான படம் போதும் என்பவருக்கு அது போதும். ஆனால் அன்றிரவு நிலவிலிருந்து வந்த ஒளி சொன்னது என்ன, கைபேசி முன்பே கற்றுவைத்திருந்தது என்ன என்று அந்தப் படத்தில் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒரு படமெடுப்பவருக்கு இது சின்ன இழப்பு என்று நான் நினைக்கவில்லை. மிரர் லென்ஸில் எடுத்த பத்துப் பதினைந்து படங்களைக் கணினியில் அடுக்கிச் சராசரி எடுப்பதும் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் சேர்வதெல்லாம் நிலவிலிருந்து வந்த ஒளி.

எடுக்கும் முறையில் இரண்டு விஷயங்களுக்குப் பொறுமை வேண்டும். ஒன்று வெப்பம். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த குழலுக்குள் வெதுவெதுப்பான காற்று சுழன்றுகொண்டிருக்கும். ஒளி அதை மூன்று முறை கடக்கிறது. அரை மணி நேரமாவது வெளியில் வைத்து ஆறவிட வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி தளமும் இரவில் வெகுநேரம் அனல் விடும், நிலவு உச்சிக்கு ஏறட்டும். இரண்டாவது ஃபோகஸ். இந்த லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சுழலும், அந்தக் குறியை நம்பக் கூடாது. பெரும்பாலானவற்றில் ஆட்டோஃபோகஸும் கிடையாது. லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டைத் திரையில் கொண்டுவாருங்கள். பள்ளங்களின் விளிம்புகள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல நெளியும். நெளிவு சில கணங்கள் அடங்கும்போது வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். டிரைபாடில் வைத்து, கைபடாமல் ரிமோட்டில் அல்லது டைமரில் எடுங்கள். அரைநிலவுக்கு ஐஎஸ்ஓ 400, 1/125 வினாடியில் தொடங்கலாம்.

முழுநிலவு வேண்டாம். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருப்பதால் அன்று நிலவில் நிழல்களே இருப்பதில்லை; பள்ளங்கள் தட்டையாகிவிடும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் இந்த வேலைக்கு உகந்தவை. நிலவு சரிபாதியாகும் கணம் வளர்பிறை அஷ்டமியின் நடுவில்தான் வருகிறது. மறுநாள் நவமியன்று, தென்பாதியில் ஒளிக்கோட்டை ஒட்டி நேர்ச்சுவர் எனப்படும் பாறைச் சரிவைத் தேடுங்கள். 110 கிலோமீட்டர் நீளம், சில நூறு மீட்டர் உயரம். அதன் நிழல் நம் லென்ஸின் மூன்றரை கிலோமீட்டர் எல்லையை ஒட்டியதுதான், ஆனாலும் நீண்ட கோடு என்பதால் மெல்லிய கறுப்புக் கீறலாகச் சிக்கும். தேய்பிறை அஷ்டமியில் வெயில் எதிர்ப்பக்கமிருந்து விழுவதால் அதே சுவர் வெள்ளைக் கோடாகத் தெரியும். அன்று நிலவு எழவே நள்ளிரவு ஆகிவிடும்.