ஊர் அளவே எல்லை: சமூக வானொலி இயங்கும் விதம்

ஐம்பது வாட்ஸ் என்பது பழைய குமிழ்விளக்கு ஒன்றின் அளவே ஆன மின்னாற்றல். அதை ஒரு சிறிய எப்.எம். ஒலிபரப்பியில் செலுத்தி, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் அன்ரனாவை நிறுத்தினால், தெகிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை குரல் துலக்கமாகக் கேட்கும். கோட்டையின் உயர்ந்த கட்டடங்களைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது அது இரைச்சலோடு மங்கிவிடும். கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு நிலையம் வேண்டும். இதை யாரும் குறையாக நினைக்க வேண்டியதில்லை. சமூக வானொலி இந்தச் சின்ன எல்லைக்காகவே உருவானது.

எப்.எம். அலைகள் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இயங்குகின்றன. 100 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் மூன்று மீற்றர். அதில் பாதி, அதாவது ஒன்றரை மீற்றர் உலோகக் குழாய், அன்ரனாவுக்குப் போதும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சிற்றலை அப்படியல்ல. அது வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடக்கும். சிற்றலையிலும் மத்திய அலையிலும்தான் இலங்கை வானொலியின் தமிழ்க் குரல்கள் பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. எப்.எம்முக்கு மலையோ மாடிக்கட்டடமோ குறுக்கே நின்றால் தடை. ஆகவே ஒலிபரப்பியின் ஆற்றலை இரட்டிப்பதைவிட அன்ரனாவை உயர்த்துவதே பலன் தரும். கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடும் என்பதால் அவற்றை நன்றாகச் சுற்றி மூடி, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரப் பக்கம் அவ்வளவுதான். கொஞ்சம் மின்னணு தெரிந்த இளைஞர் ஒருவர் சில வாரங்களில் கற்றுக்கொள்வார்.

கலையகம் இன்னும் எளிது. பெரும்பாடு எதிரொலியோடுதான். வெறும் சுவர் அறையில் பேசினால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதாகக் கேட்கும். பலர் சுவரெங்கும் முட்டைத் தட்டு ஒட்டுகிறார்கள். அதனால் வெளிச் சத்தம் நிற்பதில்லை, எதிரொலியும் பெரிதாகக் குறைவதில்லை. தடித்த திரைச்சீலை, பழைய மெத்தை, நிறையப் புத்தகம் அடுக்கிய அலுமாரி ஆகியவைதான் வேலை செய்யும். காலி வீதியின் பஸ் ஹோர்னும் கடலோர ரயிலும் உள்ளே வராமலிருக்க யன்னலை மூடவேண்டும். மூடினால் புழுக்கம், மின்விசிறி போட்டால் அதன் சத்தம். எனவே பதிவு நேரத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு பேசிப் பழகவேண்டும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரெதிரே வைத்தால் ஒவ்வொரு பகர எழுத்துக்கும் காற்று மோதி 'டப்' என்று வெடிக்கும்.

இத்தகைய சிறு முயற்சியில்தான் கொழும்பின் வானொலியே தொடங்கியது. 1920களின் முற்பகுதியில், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரீட்சித்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் கருவிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்பி கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். அவருக்குத் துணை நின்றவர்கள் உள்ளூர்ப் பொறியியலாளர்களும் ஆர்வலர்களும். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. அரச நிறுவனமாக வளர்ந்த பின்னும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறந்திருந்தது. பின்னாளில் புகழ்பெற்ற அறிவிப்பாளரான பி. எச். அப்துல் ஹமீத் சிறு வயதிலேயே சிறுவர் நிகழ்ச்சி வழியாக உள்ளே போனவர்.

அந்த வானொலியின் தமிழ்ச் சேவையில் ஊர் அளவுச் செய்தி ஒன்று நாள் தவறாமல் ஒலித்தது: மரண அறிவித்தல். பிறந்த இடம், வாழ்ந்த இடம், யாருடைய மகன், யாருடைய மாமன், மருமக்கள் எந்த நாட்டில், பூதவுடல் எத்தனை மணிக்கு எங்கே கொண்டுசெல்லப்படும் என்று வரிசையாக வாசித்து, உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடியும். அடுப்படியில் நிற்பவர்கூட அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார். நமக்குத் தெரிந்தவரைப் பற்றி, நமக்கு வேண்டிய நேரத்தில், நம்முடைய பேச்சில் சொல்லப்படுவது எவ்வளவு கவனமாகக் கேட்கப்படும் என்பதை நமது மக்கள் நன்கு அறிவார்கள். அந்தக் கவனத்தைத் தண்ணீர் வெட்டுக்கும் டெங்குத் தடுப்புக்கும் பாடசாலைச் செய்திக்கும் கொண்டுவருவதுதான் சமூக வானொலியின் தொழில்.

இலங்கையில் இந்தக் கலைக்கு முதல் பாடம் எழுதியது மகாவலி சமூக வானொலி. துரித மகாவலித் திட்டத்தில் புது நிலங்களில் குடியேறிய மக்களுக்காக, யுனெஸ்கோவும் டென்மார்க் அரசும் உதவ, 1981இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அதைத் தொடங்கியது. அதன் ஆரம்ப முகாமையாளர் விஜயானந்த ஜயவீர பின்னாளில் யுனெஸ்கோவில் தொடர்பாடல் வளர்ச்சிப் பிரிவின் பணிப்பாளரானார். இதில் என்னை மிகவும் கவர்வது, தொடக்கத்தில் அவர்களுக்கென்று தனி நிலையமே இருக்கவில்லை என்பதுதான். ஒரு சிறு குழு ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கும். உண்பதும் உறங்குவதும் ஊர்க்காரரோடு. பகலில் வயலிலும் கடையிலும் பேச்சைப் பதிவு செய்வார்கள். நீர் வராத வாய்க்கால் பற்றியும் வராத அதிகாரி பற்றியும் ஊரே பேசும். கடைசி மாலையில் ஊர் கூடிப் பாட்டும் கூத்தும் நடக்கும், அதுவும் பதிவாகும். பின்னர் அவை கூட்டுத்தாபனத்தின் ஒலிபரப்பில் வரும். நிகழ்ச்சி முதலில் பிறந்தது, நிலையம் பிறகு வந்தது. கிராந்துருக்கோட்டையிலும், 1989இல் கொத்மலையிலும் உள்ளூர் நிலையங்கள் அமைந்தபோது, பேசப் பழகிய ஊர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கொத்மலை உலகப் புகழ் பெற்றது 1990களின் இறுதியில். யுனெஸ்கோவின் துணையோடு நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக் கணினியோ ஆங்கிலமோ எல்லோருக்கும் இல்லாத காலம். நேயர்கள் தங்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர், துறை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, இணையத்தில் விடை தேடி, கண்டதை ஊர் மொழியில் ஒலிபரப்பிலேயே விளக்குவார். ஒரே இணைப்பைப் பள்ளத்தாக்கு முழுவதும் பகிர்ந்துகொண்டது. அந்த மலைகளில் தோட்டத் தமிழரும் வாழ்கிறார்கள். ஆனால் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி சிங்களத்திலேயே அமைந்தது. இந்த நிலையங்கள் அரச கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான் இயங்கின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊர் மக்கள் நிகழ்ச்சி செய்தார்கள், உரிமம் கூட்டுத்தாபனத்திடம் இருந்தது. உண்மையான சமூக வானொலியில் உரிமமும் ஊரிடமே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அயலில் அந்த வழி திறந்துவிட்டது. காத்மண்டுவில் ரேடியோ சகர்மாதா 1997இல் தனித்த சமூக வானொலியாகத் தொடங்கியது. இந்தியாவில் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பெப்ரவரி 1இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சமூக வானொலி 90.4 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரில் தயாராக வேண்டும் என்பது விதி. மன்னாருக்கு எதிர்க்கரையில், பாம்பனில், 2016 முதல் 'கடல் ஓசை' மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அங்கே அன்றாடச் செய்தி.

உரிமம் வரும்வரை கைகட்டி இருக்காதவர்களும் உண்டு. தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவுக்கு உரிமத்தோடு ஒலிபரப்ப 2008 வரை ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளைக் கசெற்றில் பதிவு செய்து, தங்கள் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். கர்நாடகத்தின் பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி'க்கு அலைவரிசை கிடைக்கவில்லை. அவர்கள் கேபிள் ரீவிக் கம்பி வழியே வீடுகளுக்கு ஒலியை அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மாடிமாடியாக வாழும் வெள்ளவத்தைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

தொண்டர்கள் எங்கே சோர்ந்துபோகிறார்கள் என்பதை வெளிப்படையாகப் பேசவேண்டும். முதல் மாதம் ஒலிவாங்கிக்கு வரிசை நிற்கும். சில மாதங்களில் மூன்று நான்கு பேரே மிஞ்சுவார்கள். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு அழைப்பு, பயணம், பதிவு, வெட்டி ஒட்டல் என்று ஒரு முழுநாள் போய்விடும். நேரத்தை நிரப்பமுடியாத நிலையில் கை தானாகவே சினிமாப் பாட்டை நோக்கிப் போகும். அங்கேதான் நிலையம் செத்துப்போகிறது. சினிமாப் பாட்டுக்கு 1998இலிருந்தே கொழும்பில் தனியார் தமிழ் எப்.எம்.கள் இருக்கின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஒலித்து, அந்த இரண்டும் சொந்தச் சரக்காக இருந்தால் அது போதும். பேசுகிறவர்களைவிட, பதிவுகளுக்குத் திகதியும் பெயரும் இட்டுப் பாதுகாக்கிறவர், தொலைபேசி எடுக்கிறவர், முறை தவறாமல் வந்து கதவு திறக்கிறவர் ஆகியோரே நிலையத்தைக் காப்பவர்கள். பயிற்சியும் அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.

பேசுவதற்கு விடயமில்லை என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாரும் சொல்லமுடியாது. 1883 ஈஸ்டர் கலவரம் முதல் கொட்டாஞ்சேனை கண்டது ஏராளம். 1983 ஜூலைக் கலவரத்தை வெள்ளவத்தையில் நேரில் கண்டவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று விடுதி அறையிலிருந்து இறக்கப்பட்டவரின் குரல் பதிவாகாமலே மறைந்துவிடக்கூடாது. ஆடிவேல் தேர் போகும் வீதிகளின் கதையும், செட்டியார் தெருப் பத்தர்களின் பட்டறைச் சத்தமும், மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வாழ்வும் அந்த வரிசையில் வரும்.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பின்னர் அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. வதந்தியைத் தடுக்கவே என்றார்கள். ஆனால் வதந்தி வாய் வழியே ஓடும். எந்த வீதி மூடியிருக்கிறது, எந்த வைத்தியசாலைக்கு இரத்தம் தேவை என்பதை, ஊருக்குத் தெரிந்த ஒருவர் விசாரித்து உறுதி செய்து சொன்னால்தான் பதற்றம் தணியும். மூன்று ஆண்டு கழித்து 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும், ஐம்பது வாட்ஸ் நிலையமொன்றைப் பற்றரியில் சில மணி நேரமாவது நடத்தியிருக்கலாம். நேயரிடம் சிறு ரான்சிஸ்டர் இருந்தால் போதும். எதிர்ப்பக்கமும் உண்டு. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி கொலைக்குத் தூண்டியது. ஆகவே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் அமரும் ஆசிரியர் குழுவும், உறுதி செய்யாததைச் சொல்வதில்லை என்ற கட்டுப்பாடும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாடசாலை மாணவர் மன்றங்களையும், கோயில், ஆலய இளைஞர் அமைப்புகளையும், வாசகசாலைகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒலிபரப்பிக்கும் உரிமத்துக்கும் காத்திருக்க வேண்டாம். கையிலிருக்கும் தொலைபேசியில், உங்கள் ஒழுங்கையில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து இந்த மாதமே பதிவைத் தொடங்குங்கள். பதிவுக்குத் திகதி எழுதி வையுங்கள். அலைவரிசை கேட்டு விண்ணப்பிக்கும் நாளில், கையில் நூறு நிகழ்ச்சிகளோடு போங்கள்.